பதினாறு முடிந்த பிறகு: துக்கத்தில் இருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் பாலாய்ராயா என்னும் ஊர்ப் பொது மண்டபம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்காருகிறோம். ஒவ்வொருவரும் யாரையோ எதையோ இழந்தவர்கள். இது சங்கம் அல்ல. பெயர்ப்பலகை கிடையாது, தலைவரும் கிடையாது. நம்மவர்களிடையே தலைவர் பதவி என்று ஒன்று முளைத்தால் மறு ஆண்டே இரண்டு சங்கமாகிவிடும் என்பதால் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தோம். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பதிலில் பிரம்புச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரியமெல்லாம் முறையாகச் செய்தோம். ஊரே வந்து அழுதது. அதற்குப் பிறகும் எதற்கு இப்படி ஒரு கூட்டம்?

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இடப்பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், வலப்பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வரும். பிள்ளைகளை யாராவது குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அதில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பழைய சாவுக்கும் சேர்த்து அழுதுகொள்வார்கள். பதினாறு முடிந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போனால், பக்கத்து நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் மூன்று ஆண்டுக்கு முன் தாலியைக் கழற்றியவளாக இருப்பாள். வாளியைச் சுமந்து நடக்கும்போது, "ராத்திரி கண் மூடினாயா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இப்போது தாமான் என்ற குடியிருப்பில் வீடு, பூட்டிய இரும்புக் கதவு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஷா ஆலாமிலோ இருக்கிறார்கள். பதினாறாம் நாள் மாலை லாரி வந்து கூடாரத்தையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். பதினேழாம் நாள் காலையில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பது அதற்குள் விழித்தவர்களுக்குத்தான் தெரியும்.

லயத்தையும் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். அங்கே எந்தச் சாவுக்கு எப்படி அழுவது என்பதற்குக் கணக்கு இருந்தது. கணவனுக்கு ஒப்பாரி உண்டு, தாய்க்கு உண்டு. ஐந்தாம் மாதத்தில் கலைந்த கருவுக்கு இல்லை. தன்னையே மாய்த்துக்கொண்டவனுக்குக் கிசுகிசுப்புதான். எங்கே போனான் என்றே தெரியாதவனுக்கு அதுவும் இல்லை. அன்று கணக்கில் வராதவர்கள்தான் இன்று எங்கள் வட்டத்தில் பாதிப் பேர்.

பேசினால் போனவர் திரும்பி வந்துவிடுவாரா?

வரமாட்டார்.

இதை என்னிடம் கேட்டவர் ஒரு பெரியவர். கேட்டுவிட்டு அடுத்த ஆறு மாதம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவருக்குத் தெரியும் என்பதும் அந்தப் பழமொழிக்குள்தான் இருக்கிறது.

1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவனுக்கு விபத்து, மற்றவனுக்குப் புற்றுநோய். அங்கே பணியில் இருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் இரண்டு பெற்றோரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். தான் சொல்லும் ஆறுதலைவிட அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் பயன்பட்டது என்று கண்டுகொண்டார். பிள்ளையை இழந்த பெற்றோருக்கான குழு 1969இல் அப்படித்தான் உருவானது. இன்று பல நாடுகளில் அது இயங்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பில்லிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர், கணவனை இழந்து சில ஆண்டுகள் கடந்த பெண்களை, புதிதாக இழந்த பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினார். பக்கத்து நிரைக்காரி செய்த அதே வேலைதான்.

என் மகன் 2009இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனான். வந்தவர்கள் எல்லாரும் எப்படி நடந்தது, யார் மீது தவறு, தலைக்கவசம் போட்டிருந்தானா என்று கேட்டார்கள். பாசாரில் கீரை விற்கும் சீனப் பாட்டி ஒருவர் மட்டும் மலாயில் கேட்டார்: "எனக்கும் ஒரு மகன் இருந்தான். உன் மகன் பெயர் என்ன?" அன்றுதான் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

அங்கே வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?

ஒன்றும் செய்யச் சொல்ல மாட்டோம். வட்டமாக உட்காருவோம். பேச விரும்புகிறவர் பேசலாம். பேசாமல் இருந்துவிட்டும் போகலாம். ஒரு பெண் நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் மாதம் பேசியபோது நிறுத்தவில்லை.

செய்யக்கூடாதவை சில உண்டு. கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது. "விதி", "அவன் அழைத்துக்கொண்டான்", "நல்ல சாவு" ஆகிய மூன்றையும் வாசலில் செருப்போடு விட்டுவிட வேண்டும். உன் துக்கம் பெரிதா என் துக்கம் பெரிதா என்று தராசு பிடிக்கக்கூடாது. காப்புறுதி, சத்து மாவு, ஜாதகப் பரிகாரம் எதையும் இங்கே விற்கக்கூடாது. கடைசி விதியைப் பட்டபிறகுதான் சேர்த்தோம்.

என் இழப்பு சாவு அல்ல. பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறி, லயத்தை இடித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் வந்து அழலாமா?

வாருங்கள். இந்த ஊரில் இது கேட்கவே வேண்டாத கேள்வி. ரப்பர் செம்பனை ஆனது, செம்பனை தாமான் ஆனது. ஒவ்வொரு முறையும் கோயில் இடம் மாறியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள், ஒரே பெரட்டில் நின்றவர்கள் ஒன்பது திசைக்குப் போனார்கள். நட்ட ஈடு வாங்கியவரிடம், "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

எங்களோடு உட்காரும் ஒருவர் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அவர் தந்தையைத் தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். மறுநடவு முடிந்து பல ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செம்பனை வரிசை. "அப்பா இறந்தபோது ஒருமுறை அழுதேன். அவர் எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறார் என்று தெரியாமல் நின்றபோது அதைவிட அதிகமாக அழுதேன்" என்றார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் பிறந்ததும் எல்லா வரலாற்று நூலிலும் இருக்கிறது. அதே தோட்டங்களில் பால்மரம் வெட்டியே வாழ்ந்து செத்தவர்களின் புதைகுழிக்கு ஒரு கல்கூட இல்லை என்பதை எங்கே போய்ச் சொல்வது? எங்களிடம் சொல்லுங்கள்.

ஊர் ஒப்புக்கொள்ளாத இழப்புக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் ஒரு பெயர் வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். மணமுறிவு அதில் வரும். சர்க்கரை நோயில் காலை இழந்தது வரும். இல்லாத பாதம் இராத்திரியில் அரிக்கிறது என்று ஒரு முன்னாள் பால்வெட்டுக்காரர் சொல்வார், யாரும் சிரிப்பதில்லை. பதினான்கு ஆண்டு வளர்த்த நாயும் வரும். நாய்க்காரரைப் பார்த்து முதலில் நானே உள்ளூரச் சிரித்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. "சின்ன வயதுதானே, அடுத்தது நிற்கும்" என்கிறார்கள். நான் தாய் என்ற கணக்கில் வருவேனா?

வருவீர்கள். பெயர் வைத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 22 வாரக் கர்ப்பத்துக்குப் பின் நிகழ்வது பிரசவம்தான், குழந்தை உயிரோடு பிறந்தாலும் பிறக்காவிட்டாலும். ஆகவே மகப்பேற்று விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். குழந்தைதான் இல்லையே என்று பத்தாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டால் இதைச் சொல்லுங்கள். 22 வாரத்துக்கு முன் என்றால் மருத்துவ விடுப்புதான் வழி. உடம்பு தேற எத்தனை நாள் வேண்டும் என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கணவரையும் அழைத்து வாருங்கள். அவரிடம், "மனைவியைப் பார்த்துக்கொள்" என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அவரைப் பார்க்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஊருக்கு மாரடைப்பு என்று சொல்லிவிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்லலாமா?

சொல்லலாம். உண்மையைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் இதே வழியில் ஒருவரை இழந்தவர்கள் எங்களில் இருவர் இருக்கிறார்கள். நீங்கள் விரும்பினால் முதலில் அவர்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சந்திக்கலாம். கடைசியாக அவன் அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பீர்கள், அவர்களும் படித்தவர்கள். "நான் அன்று தொலைபேசியை எடுத்திருந்தால்" என்ற வாக்கியத்தை அவர்கள் முன்னால் சொன்னால், அவசரமாக மறுக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். அப்படி உட்காரத் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவு இந்நாட்டில் 2023இல் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய இருந்தன. உங்களுக்கே அந்த எண்ணம் வருகிறதென்றால் அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. 1970 முதல் இயங்கும் அமைப்பு, நாள் முழுவதும் எடுக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

என் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்ப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. திதி கொடுப்பதா, காத்திருப்பதா?

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு கதை இருக்கிறது.

ஜப்பான்காரர் காலத்தில், 1942இலும் 1943இலும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றியவர்களும் உண்டு, பிடித்து ஏற்றியவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களுக்கு உடலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. என் பாட்டியின் அக்காள் வீட்டுக்காரர் அதில் ஒருவர். அந்தப் பெரியம்மா பொட்டை அழிக்கவும் இல்லை, விசேஷ வீடுகளில் முன்னால் வந்து நிற்கவும் இல்லை. அமங்கலியா சுமங்கலியா என்று லயம் அவரைச் சாகும்வரை தீர்மானிக்கவில்லை. ஆனால் அதே லயத்தில் அவரைப் போல இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள். சாயங்காலம் நால்வரும் அவரும் குழாயடியில் ஒன்றாகத் துணி துவைப்பார்கள். வேறு யாரையும் அந்த நேரத்தில் அங்கே விட மாட்டார்கள் என்று பாட்டி சொல்வார்.

வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்களைப் பாலின் பாஸ் என்பவர் 1970களில் ஆராய்ந்தார். முடிவு தெரியாத இழப்பில் இருப்பவரை ஒரு முடிவுக்குத் தள்ளக்கூடாது, இருக்கலாம் என்பதையும் இல்லாமலிருக்கலாம் என்பதையும் ஒன்றாகச் சுமக்கத் துணை நிற்க வேண்டும் என்பது அவர் கண்டது. குழாயடிப் பெண்களுக்கு அது தெரிந்திருந்தது. திதி கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்துவிட்டுத் தொடர்ந்து தேடினாலும் முரண் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஞாபகமறதி நோயில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களும் இந்தக் கேள்விக்குள் வருகிறவர்கள்தான்.

குடித்து அடித்தே வாழ்ந்த மனிதர். போனபோது நிம்மதியாக இருந்தது. நான் கெட்டவளா?

இல்லை. நிம்மதியும் அழுகையும் ஒரே வீட்டில் இருக்கும். இதே வாக்கியத்தை எங்கள் வட்டத்தில் இதுவரை மூன்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள்.

கணவர் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளியே போகக்கூடாது என்கிறார் மாமியார். கோயில் மண்டபத்தில் நடத்தினால் வர முடியாதே?

அதனால்தான் கோயிலில் நடத்தவில்லை. முதல் இரண்டு முறை கோயில் மண்டபத்தில்தான் கூடினோம். தீட்டு என்று வராமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், வர வேண்டியவர்களே அவர்கள்தான்! கிறிஸ்தவரும் முஸ்லிமும் வருவதற்கும் பாலாய்ராயா வசதி.

மாமியாரையும் கூட்டி வாருங்கள். வாதாட வேண்டாம். அவர் மகனை இழந்தவர். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை மருமகளைக் காவல் காக்க வந்த மாமியார், மருமகள் வராத நாளிலும் வந்தார்.

ஆண்கள் வருவார்களா?

வட்டத்தில் உட்கார வருவது குறைவு. நம் ஆண்களுக்குத் துக்கம் என்றால் சம்சுச் சாராயக் கடை, அல்லது மௌனம். ஆகவே மாதம் ஒரு ஞாயிறு காலை இடுகாட்டில் புல் வெட்டப் போகிறோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மர நிழலில் கோப்பி குடிக்கும் இருபது நிமிடத்தில், பாலாய்ராயாவில் ஓராண்டில் வராத பேச்சு வந்துவிடுகிறது.

சின்ன ஊர். சனிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடைக்கு வந்துவிடாதா?

வரக்கூடாது என்பது விதி. ஒருமுறை வந்தது, சொன்னவரை அதன்பின் அழைக்கவில்லை. அதற்குமேல் உறுதி கொடுத்தால் பொய்யாகிவிடும். அச்சம் தீராதென்றால் ஈப்போ பக்கம் முகம் தெரியாதவர்களோடு பேசலாம், அல்லது தொலைபேசி உதவி எண்ணை அழைக்கலாம். வாட்ஸ்அப் குழு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். காலை வணக்கப் பூப்படங்கள் தொடங்கிவிடும் என்பதால் நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? "அப்பா தூங்குகிறார்" என்றோம்.

அதை மட்டும் மாற்றுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பாதது என்று பிடிபடாது. தூங்குகிறார் என்றால் தானும் தூங்கப் பயப்படும், எப்போது எழுவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்யாது, அவர் வரமாட்டார், நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். நூறு முறை கேட்டால் நூறு முறையும். அரை மணி அழுதுவிட்டு விளையாடப் போனால் கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அன்னையர் தின அட்டை செய்யும் நாளில் அந்தப் பிள்ளையின் முகத்தை நான் கவனிக்கத் தவறிய ஆண்டு ஒன்று உண்டு.

எவ்வளவு நாளில் சரியாகும்? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எங்கேயோ படித்திருப்பீர்கள். 1969இல் அதைச் சொன்ன எலிசபெத் கூப்ளர் ரோஸ் பேசியது, இறக்கப்போகும் நோயாளிகளைப் பற்றி. வீட்டில் மிஞ்சியவர்களுக்கு அது கால அட்டவணை அல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபேவும் ஷூட்டும் 1999இல் சொன்னது எனக்கு நெருக்கமாக இருக்கிறது: துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார். காலையில் மின்கட்டணம் கட்டினீர்கள், மாலையில் அவர் சட்டையை முகர்ந்து அழுதீர்கள். இரண்டும் சரிதான்.

ஆனால் மாதங்கள் ஓடியும் எழுந்து குளிக்க முடியவில்லை, ஏக்கம் நாள் முழுவதும் நெரிக்கிறது, வேலையும் வீடும் நின்றுபோயின என்றால், அது எங்கள் கைக்கு மேற்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஓராண்டையும் எல்லையாக வைத்து அதை நீடித்த துக்க நோய் என்கின்றன. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தொடங்குங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தாத்தா காலத்திலிருந்தே உண்டு. 1911இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது. தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் போனவரை யாரும் அங்கே அடைப்பதில்லை.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), சேமநிதி, படிவங்கள்… எனக்கு மலாய் படிக்கத் தெரியாது.

முதலில் இதற்கே வாருங்கள், அழுகை பிறகு. சொக்சோ சந்தாதாரர் இறந்தால் தகுதியுள்ள வாரிசுகளுக்கு ஓய்வூதியமும் ஈமச்செலவுத் தொகையும் உண்டு. ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதே முகப்பில் வரிசையில் நின்ற ஒருவர் உங்களோடு வருவார். எந்தத் தாளை எத்தனை படி எடுக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

எங்கள் ஊரில் நாங்களே தொடங்கலாமா?

தொடங்கலாம். மூன்று பேர் போதும். தொடங்குகிறவருக்கு இழப்பு நேர்ந்து ஓராண்டாவது கடந்திருக்கட்டும். காயம் பச்சையாக இருக்கும்போது அடுத்தவர் காயத்தைக் கழுவ முடியாது. நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். ஒருவர்கூட வராத மாலையிலும் கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். அப்படி நான் தனியாக உட்கார்ந்த மாலைகள் ஏழு.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். தேநீர் நாங்களே போடுகிறோம். பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்பதால் சீனி தனியாக இருக்கும். படம் ஒன்று கொண்டுவருகிறவர்கள் உண்டு. மேசைமேல் வைத்துவிட்டு, போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். போன மாதம் விட்டுப்போன ஒரு தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.